ஒடிந்த ஷாஃப்ட்டும் கங்கையம்மன் காட்டிய சாய்கோடும்

என் தங்கையின் கணவன் ஊர் நடுவில் நின்று என் பக்கம் விரல் நீட்டிய நாளில் இருந்து தொடங்குகிறேன். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் நல்ல காலம். அதைச் சொல்லி அம்மன் அடியார்களாகிய உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

என் பெயர் மூர்த்தி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு குப்பம் எங்களுடையது. கடைத்தெரு ஓரத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகு எஞ்சின்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது என் தொழில். ஆனாலும் எங்கள் வீடு ஊரில் ஒரு தலைக்கட்டு, ஊர் வரி கொடுத்து ஏரியில் பங்கு வாங்கும் குடும்பம். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வீட்டுக்காரர் வலை கட்டுவது என்று எங்களுக்குள் ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்போம். எங்கள் வீட்டுக்குப் பாடு வரும் நாளில் பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் வலையோடு போய்விடுவேன். பாடு எழுதி வைத்திருக்கும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஊரில் மனிதன். பெயரை எடுத்துவிட்டால் ஏரியில் கால் வைக்க முடியாது. திருவிழாவில் நம் வீட்டுக் கூழை வாங்க மாட்டார்கள். நம் வீட்டில் பெண் எடுக்கவும் ஒருவரும் வர மாட்டார்கள்.

ஏழுமலை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். என் தங்கை கௌரியை அவனுக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் நைனாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததே நான்தான். போன சித்திரையில் அவன் படகு எஞ்சினுக்குப் புது ஷாஃப்ட் வேண்டும் என்றான். எஞ்சினில் இருந்து தண்ணீருக்குள் நீண்டு போய், நுனியில் இருக்கும் புரொப்பெல்லரைச் சுற்றும் இரும்புத் தண்டு அது. இரண்டு பேரும் ஒரே வண்டியில் பொன்னேரிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தோம். அவன் கண் முன்னாலேயே கடைந்தேன். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்ததை அவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொடுக்கும்போது ஒன்று சொன்னேன். "மாப்ள, மணல் மேட்ல இடிச்சி வளைஞ்சா எங்கிட்ட எடுத்தாந்துடு. நீயா எதுவும் பண்ணாத." சரி என்று தலையாட்டினான்.

ஆடி மாதம் ஒரு காலை, படகு முகத்துவாரத்தைத் தாண்டும்போது ஷாஃப்ட் ஒடிந்தது. அலை உடையும் இடம் அது. எஞ்சின் உறுமுகிறது, படகு நகரவில்லை. அடுத்த அலையில் கவிழ்ந்துவிட்டது. நாலு பேரில் மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கோவிந்தன் பெரியப்பா மட்டும் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டார். உயிர் தப்பியது. இடுப்பு எலும்பு நொறுங்கிப் போனது. இனிமேல் கடலுக்குப் போக முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கடலை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

நான்காம் நாள் கங்கையம்மன் கோவில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. ஏழுமலை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவனுக்காகப் பேச வேண்டியிருந்தால் பேசலாம் என்று போயிருந்தேன். தலைவர் அவனைக் கேட்டார். அவன் எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. விரலை மட்டும் என் பக்கம் நீட்டினான்.

"மச்சான் பழைய கம்பியக் கடைஞ்சி குட்த்துட்டாரு. உள்ள வெடிப்பு இருந்திருக்குது. எனக்கு இன்னா தெரியும், நம்பி வாங்கினு போனேன்."

 கூட வந்து வாங்கியவன். கம்பியைத் தோளில் தூக்கி வந்தவன். சொந்தக்காரன் முதுகில் குத்துவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே குத்தினான். என் வாய் சும்மா இருக்குமா? ஊர் பார்க்க வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். அதுவும் எனக்கு எதிராகத்தான் போனது. குற்றம் உள்ளவன்தான் குதிப்பான் என்றார்கள்.

ஆவணி அமாவாசை அன்று ஏழுமலை கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானது. எங்கள் ஊர் வழக்கம் அது. அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால், அதற்கு மேல் பேச்சே கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு விளங்காது என்பது நம்பிக்கை. அவன் சத்தியம் செய்தால் என் பெயர் பட்டியலில் இருந்து போகும். அதுவரை ஒடிந்த ஷாஃப்ட் துண்டைக் கோவில் மண்டபத்தில் வைத்தார்கள். எஞ்சினோடு ஒட்டியிருந்த முழங்கை நீளத் துண்டு அது. புரொப்பெல்லர் இருந்த மறு பாதி கடலுக்குள் போய்விட்டது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். கம்பி புதிது. ஆனால் ஒடிந்தது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கடைந்ததில் ஏதாவது கோளாறா? ஓரத்தில் உளி ஆழமாக இறங்கிவிட்டதா? பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வேலைல எங்கனா தப்பு நடந்துச்சாடா, மூர்த்தி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். முடித்தவன் இல்லை. பொருட்களின் வலிமை என்ற பாடத்தில் மூன்று முறை தேறாமல் போனேன். முதன்மைத் தகைவு, அதாவது பிரின்சிபல் ஸ்ட்ரெஸ் என்ற ஒரு கணக்கு. வாத்தியார் போர்டில் ஒரு வட்டம் போடுவார், கோடு கிழிப்பார், இரண்டு எண் வரும். எண் எனக்கும் வரும். அது எதைச் சொல்கிறது என்று மட்டும் விளங்காது. அந்தக் கணக்கை வைத்துத்தான் இரும்பு எந்தப் பக்கம் ஒடியும் என்று சொல்ல முடியும் என்பது நினைவிருந்தது. பழைய நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்துதான், எனக்கே புரியவில்லை.

அப்போதுதான் வேண்டிக்கொண்டேன். இருபத்தோரு நாள், விடிந்ததும் ஏரியில் முங்கி, ஈர வேட்டியோடு கோவிலை ஒன்பது சுற்று சுற்றுவது. "அம்மா, தப்பு என்னுடையது என்றால் அதைக் காட்டு, நானே ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் அதையும் காட்டு. தெரியாமல் மட்டும் என்னை விட்டுவிடாதே." இதுதான் என் வேண்டுதல். ஏழுமலை நாசமாகப் போகட்டும் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அவன் வீடு என்றால் அது கௌரியின் வீடும்தான். விழுங்கிவிட்டேன்.

கௌரி தினமும் வந்தாள். புருஷன் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், பாவம் என்று ஊரே அவளுக்காக உச்சுக்கொட்டியது. உலர்ந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கோவில் வாசலில் நிற்பாள். நான் உடை மாற்றியதும் ஈர வேட்டியின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை நான் பிடிப்பேன், இரண்டு பேரும் முறுக்கிப் பிழிவோம். பிறகு என் வீட்டுக்கு வந்து என் மனைவியோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவாள். என் பக்கம் இவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று எனக்குத் தெம்பாக இருந்தது.

பதினேழாம் நாள். சுற்றி முடித்துவிட்டு மண்டபத்துப் பக்கம் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தோம். லேசாக முறுக்கிய உடனே துணியில் மடிப்புகள் எழுந்தன. நேராகவும் இல்லை, குறுக்காகவும் இல்லை. சாய்வாக, சுற்றிக்கொண்டு ஓடின. என் கை நின்றுவிட்டது. திரும்பி மண்டபத்தில் கிடந்த ஷாஃப்ட் துண்டைப் பார்த்தேன். அதன் ஒடிந்த முகமும் அப்படித்தான் இருந்தது, கத்தரிக்கோலால் சரிவாக வெட்டி லேசாகத் திருகிவிட்டது மாதிரி. பதினாறு நாள் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

"இன்னாண்ணா பாக்குற?" என்றாள் கௌரி.

"ஒண்ணும் இல்லமா" என்றேன்.

அன்று பட்டறையைத் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து ஒரு துணியை எஞ்சின் சுற்றும் பக்கமே முறுக்கிப் பார்த்தேன். மடிப்பு வலப்பக்கம் சாய்ந்தது. ஷாஃப்ட்டின் ஒடிவோ இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நேர் எதிர். மனசு விட்டுப்போனது. அம்மன் விளையாடுகிறாளா என்றுகூட நினைத்தேன்.

பிறகு பழைய சைக்கிள் டியூப் ஒன்றில் சாக்பீஸால் சின்னச் சதுரம் ஒன்று வரைந்து முறுக்கினேன். சதுரம் கோணிக்கொண்டு தேங்காய் பர்பி வில்லை போல் ஆனது. ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குப் போகும் தூரம் நீண்டது. மற்ற இரண்டு மூலைக்கு நடுவில் குறுகியது. அப்போது மண்டையில் விளக்கு எரிந்தது. முறுக்கும்போது தண்டின் நீளவாக்கில் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகிற விசைதான் தெரியும். அதையே பாதிச் செங்கோணம் சாய்ந்து பார்த்தால் சறுக்கு இல்லை. ஒரு சாய்வில் சுத்தமான இழுவை, அதற்குக் குறுக்கே சுத்தமான நெருக்கல், அவ்வளவுதான். வாத்தியார் வட்டத்தில் எடுத்த இரண்டு எண்ணும் அந்த இரண்டும்தான். முதன்மைத் தகைவு என்பது இதுதான். துணியின் மடிப்பு இழுவை ஓடும் பக்கம் ஓடுகிறது. வெடிப்பு அந்த இழுவைக்குக் குறுக்கே திறக்கிறது. அதனால்தான் இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்திருக்கின்றன. தேர்வு அறையில் வராத ஞானம் ஒரு டியூப்பில் வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், உடனே அழுதேன்.

அதோடு முடியவில்லை. கையில் இருந்த சாக்பீஸை முறுக்கினேன். ஷாஃப்ட்டைப் போலவே சாய்வாக ஒடிந்தது. சாக்பீஸ் நொறுங்கும் சாதி, இழுவையைத் தாங்காது, அதனால் இழுவைக்குக் குறுக்கே பிளக்கும். ஆனால் நான் கடைந்த இரும்பு இளகிய சாதி. அப்படிப்பட்ட இரும்பை முறுக்கினால் சறுக்கித்தான் அறும், கத்தியால் வெள்ளரிக்காயை நறுக்கின மாதிரி குறுக்கே நேராக. நோட்டில் நானே எழுதி வைத்திருந்தேன். என் பட்டறையில் சுருள் சுருளாக உரிந்த இரும்பு, எப்படி சாக்பீஸ் மாதிரி ஆனது? யாரோ அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். காய்ச்சித் தண்ணீரில் போட்ட இரும்பு கல் மாதிரி கெட்டியாகும், கல் மாதிரியே உடையும். வளைந்த ஷாஃப்ட்டை நிமிர்த்த எங்கள் ஆட்கள் செய்கிற வேலை அது. அதைத்தான் செய்யாதே என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

அமாவாசை அன்று மதியம் ஊர் முழுக்கக் கூடியது. பெண்கள் வேப்பமரத்துப் பக்கம் நின்றார்கள். கோவிந்தன் பெரியப்பாவைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். பூசாரி கற்பூரம் ஏற்றப் போகும்போது, சத்தியத்துக்கு முன்னால் பேச வேண்டும் என்று கேட்டேன். தலைவர் முகம் சுளித்தார். பெரியப்பா கட்டிலில் இருந்தே, "பேசட்டும் உடுங்க" என்றார்.

நான் ஒரு பெட்டி சாக்பீஸ் கொண்டு போயிருந்தேன். ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். ஒன்றை வளைத்து ஒடிக்கச் சொன்னேன். நேராக ஒடிந்தது. இன்னொன்றை முறுக்கச் சொன்னேன். அத்தனை கையிலும் சாய்வாக ஒடிந்தது. கடலில் முப்பது வருஷம் போனவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் கையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ஷாஃப்ட் துண்டை நடுவில் வைத்தேன். கையில் இருந்த சாக்பீஸை அதன் ஒடிந்த முகத்தோடு வைத்துப் பார்த்தார்கள். பிறகு தலைவர் கையில் ஒரு அரத்தைக் கொடுத்தேன். எஞ்சின் பக்கத்து முனையில் தேய்த்தார், அரம் கடித்தது, பொடி உதிர்ந்தது. ஒடிந்த முனையில் தேய்த்தார். அரம் கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கியது. மறுபடி தேய்த்தார். மறுபடி வழுக்கியது.

"ஒரே கம்பி, தலைவரே" என்றேன். "கம்பி கெட்டதா இருந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும். இந்தப் பக்கம் மட்டும் நெருப்புல போயி தண்ணில வுழுந்திருக்குது. எங்கிட்ட இருந்து போகும்போது அப்படி இல்ல. இருந்திருந்தா என் உளியே ஏறியிருக்காது."

தலைவர் ஏழுமலையைப் பார்த்தார். "நெருப்புல வெச்சியா?"

"இல்ல" என்றான். குரல் நடுங்கவில்லை. நேராகப் போய்த் தட்டு முன்னால் நின்றான். பூசாரி கற்பூரத்தை ஏற்றினார்.

 நான் நிரூபித்துவிட்டேன், ஆனால் சத்தியம் விழுந்துவிட்டால் என் சாக்பீஸுக்கு ஊரில் மதிப்பு இல்லை. என் பெயரும் போகும், பொய்ச் சத்தியத்தில் அவன் குடும்பமும் போகும். அம்மா, அவன் கையைப் பிடித்துக்கொள் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

அவன் கை இறங்குவதற்கு முன்னால் இன்னொரு கை கற்பூரத்தின் மேல் விழுந்தது. வளையல் போட்ட கை. கௌரி.

"வெச்சாரு" என்றாள். "வூட்டுக்குப் பின்னால சவுக்குக் கரி போட்டுக் காய்ச்சி சம்மட்டியால நிமித்தினாரு. நான்தான் விசிறி சுத்தினேன். டிரம்முல உப்புத் தண்ணி ரொப்பி வெச்சதும் நான்தான். எங்க அண்ணன் பேர எடுக்காதீங்க."

 ஏழுமலை மணலில் உட்கார்ந்துவிட்டான். "மணல் மேட்ல இடிச்சிட்டேன் மச்சான். உங்கிட்ட வந்தா திட்டுவியேன்னு பயந்துட்டேன்" என்றான். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு முன்பே சொன்னேன். அந்தப் பங்கு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். பெரியப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என் தலையில் கை வைத்தார். என் பெயர் பட்டியலில் நின்றது. ஏழுமலைக்கு ஒரு வருஷம் பாடு இல்லை என்று தீர்ப்பானது. பெரியப்பா வீட்டு வலையை அந்த ஒரு வருஷமும் அவனே இழுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒரு நாளும் தவறாமல் இழுக்கிறான்.

கேட்டதை அம்மன் முழுசாகக் கொடுத்தாள். தப்பு யாருடையது என்று காட்டு என்றேன், காட்டினாள். பொய்ச் சத்தியத்தைத் தடுத்தாள். பதினைந்து வருஷமாக விளங்காத பாடத்தை ஒரு ஈர வேட்டியில் விளங்க வைத்தாள். இப்போது பட்டறைக்கு யார் வந்தாலும் சாக்பீஸை முறுக்கிக் காட்டிவிட்டுத்தான் ஷாஃப்ட் கொடுக்கிறேன். வளைந்தால் கொண்டு வா, திட்ட மாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறேன். வருகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திட்டாமல் நிமிர்த்திக் கொடுக்கிறேன். அந்த அளவுக்கு என்னை மாற்றியவள் அவள்தான். உங்களில் யாருக்காவது செய்யாத குற்றம் தலையில் விழுந்திருந்தால், செய்தோமா இல்லையா என்றே தெரியாமல் தூக்கம் போயிருந்தால், வேறு எங்கும் போகாதீர்கள். அவளிடம் கேளுங்கள். அவள் காட்டுவாள்.

ஆனால் அவள் காட்டும்போது எல்லாவற்றையும் காட்டிவிடுவாள், அதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஏழுமலையை மன்னித்துவிட்டேன். பயந்தவன், பொய் சொன்னான், அவ்வளவுதான். கௌரியைத்தான் முடியவில்லை. ஊர் முன்னால் என்னைக் காப்பாற்றியவள் அவள்தான் என்று என் மனைவி சொல்கிறாள். உண்மை. ஆனாலும் பதினேழு நாள், அதற்கப்புறமும் நாலு நாள், எல்லாம் தெரிந்துகொண்டே என் ஈர வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கற்பூரம் சுட்டு அவள் கையில் ஏற்பட்ட கொப்புளம் ஆறி, அந்த இடம் வெள்ளையாகிவிட்டது என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டு வாசல் வரை வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள். உள்ளே இருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"உள்ள வா" என்ற இரண்டு வார்த்தைக்காக இப்போது மறுபடியும் ஈர வேட்டியோடு சுற்றுகிறேன். இந்த முறை நானே தனியாகத்தான் பிழிகிறேன். என் தங்கையைக் கூப்பிடும் மனசு எனக்கு வரவேண்டும் என்று, இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் ஊர் அம்மனிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.